மீன் தொட்டிக்கு உறை ஊற்றுதல்

என் வீட்டில் ஐந்து மீன் தொட்டிகள் இருக்கின்றன. கூடத்தில் செடிகள் அடர்ந்த மூன்றடித் தொட்டி, அதன் எதிரே கப்பி என்னும் சிறு மீன்கள் வாழும் இரண்டடித் தொட்டி, சாப்பாட்டு மேசையருகே ஒற்றை ஃபைட்டர் மீனுக்குரிய சிறு தொட்டி, பின்கட்டில் குஞ்சுகளுக்கு ஒன்று, புதிதாக வாங்கி வரும் மீன்களைச் சில வாரம் தனியே வைத்துக் கவனிக்க இன்னொன்று. ஐந்திலும் ஊற்றியது ஒரே குழாய் நீர்தான். ஆயினும் ஆறு மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்தால், ஐந்து வெவ்வேறு குளங்களிலிருந்து மொண்டு வந்ததைப் போல அவற்றின் நீர் வேறுபடுகிறது. ஒரே தொட்டி வைத்திருந்த காலத்தில் நான் மீன் வளர்ப்பதாகவே எண்ணியிருந்தேன். பல தொட்டிகளை அருகருகே வைத்து ஒப்பிடத் தொடங்கிய பிறகுதான், என் கவனிப்பில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கே போகிறது என்பது புரிந்தது.

மீன் உண்ணும் தீவனத்தில் புரதம் மிகுதி. புரதத்தைச் செரித்த பின் மிஞ்சும் நைட்ரஜன் கழிவை நம் உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. நன்னீர் மீன்களோ அதன் பெரும்பகுதியை அம்மோனியாவாகவே, அதுவும் செவுள்கள் வழியாக, நீரில் விட்டுவிடுகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து பரவிவிடும். ஐம்பது லிட்டர் நீரில் அதற்குப் போக்கிடம் இல்லை. இந்த நஞ்சின் கடுமை நீரின் பிஎச் அளவை, அதாவது அமில-காரத் தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருக்கும் நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கொடிய வடிவில் இருக்கும். மீதி, தீங்கு குறைந்த அம்மோனியம் அயனியாக இருக்கும். பிஎச் 8 ஆனால் அந்தக் கொடிய பங்கு ஐந்து விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான், பெரும்பாலும் பிஎச் கூடுதலாக இருக்கும் கடின நீர் வரும் ஒரு வீட்டில் மீன்கள் செத்து மிதக்கும்போது, அதே தீவனத்தை அதே அளவில் போடும் வேறொரு வீட்டில் அவை துள்ளித் திரிகின்றன.

இந்த அம்மோனியாவை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த முடியாததாக ஆக்கி, இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். அதை நைட்ரோஸ்பைரா என்னும் பாக்டீரியா, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. நெடுங்காலம் இந்த இரண்டாம் வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகவே மீன் வளர்ப்போர் நம்பினர். 1990களில் மரபணு ஆய்வுகள்தாம் நைட்ரோஸ்பைராவை அடையாளம் காட்டின. அதற்குப் பின்னும் வியப்புகள் ஓயவில்லை. அம்மோனியாவை உண்ணும் ஆர்க்கியா என்னும் தனி வகை நுண்ணுயிர் 2005இல் பிரித்தெடுக்கப்பட்டது, அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்துத் தொட்டி ஒன்றிலிருந்து. அம்மோனியாவை நைட்ரேட் வரை ஒரே உயிர் தனியாகவே கொண்டு சேர்க்க முடியும் என்று 2015இல் இரு ஆய்வுக் குழுக்கள் நிறுவின. அவற்றுள் ஒன்று அத்தகைய நைட்ரோஸ்பைரா வகையைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியில். கூடத்தில் குமிழி விட்டபடி நீரைப் பஞ்சு வழியே வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வந்து மகிழ்விக்கிறது.

இவற்றின் ஒரே குறை, மெதுவாகப் பெருகுவது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா தகுந்த சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உண்ணும் இவற்றுக்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை தொட்டியும் மணலும் மீனும் சேர்த்து வாங்கி, அன்று மாலையே மீனை விடுவோர் பலர். முதல் சில நாள் எல்லாம் அழகாக இருக்கும். இரண்டாம் வாரம் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

பல தொட்டி வைத்திருப்பவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பாலுக்கு உறை ஊற்றுவதைப் போன்றதுதான் செய்முறை. ஓராண்டாக ஓடிய ஸ்பாஞ்சை எடுத்துப் புதுத் தொட்டி நீருக்குள் பிழிந்தால் தேயிலைச் சாயம் போலப் பழுப்பு நீர் பரவும். பார்க்க அழுக்காகத் தோன்றினாலும் அதில் உயிர்கள் நிறைந்திருக்கின்றன. ஆனால் மிகப் பலவும் ஸ்பாஞ்சின் துளைகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், பிழிந்த நீரைவிட அந்த ஸ்பாஞ்சையே புதுத் தொட்டியில் வைப்பது மேல். இதன் மதிப்பு தெரியாமல் ஒருமுறை மூன்றடித் தொட்டியின் ஸ்பாஞ்ச் அனைத்தையும் குழாயடியில் வெள்ளையாகும்வரை அலசினேன். கிருமி கொல்லக் குழாய் நீரில் கலந்த குளோரின் என் நுண்ணுயிர்களையும் கொன்றது. நான்காம் நாள் சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா நிறம் அடர் பச்சையாகியிருந்தது. ஏழு மீன்களை இழந்தேன். மிஞ்சியவற்றைக் காத்தவை, தினமும் மாற்றிய குளோரின் நீக்கிய நீரும் கப்பித் தொட்டியிலிருந்து கடன் வாங்கிய ஸ்பாஞ்சும்.

செடித் தொட்டியின் கணக்கு வேறு. செடிகள் அம்மோனியத்தை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்வதால் அங்கே நைட்ரேட் ஏறக்குறைய இல்லை. கப்பித் தொட்டியிலோ வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றாவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும். விளக்கு எரிந்து சில மணி நேரம் கழித்து வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியின் இலை விளிம்பில் ஊசிமுனையளவு ஆக்சிஜன் குமிழிகள் வரிசையாகப் பூத்து, ஒவ்வொன்றாக விடுபட்டு மேலேறுவதை நான் நின்று பார்ப்பதுண்டு. இரவில் அதே செடிகள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நீர் 30 டிகிரியைத் தொடும்போது, 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்திருந்த ஆக்சிஜன் ஏழரையளவுக்கு இறங்கிவிடுகிறது. மீனுக்கும் நுண்ணுயிருக்கும் அதுவே பங்கு. மின்வெட்டு நீளும் இரவுகளில் முதலில் தவிப்பது செடித் தொட்டிதான். காற்றை நேரடியாகவே சுவாசிக்கத் தனி உறுப்பு கொண்ட ஃபைட்டர் மீன், மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு அமைதியாக இருக்கும்.

சென்ற மாதம் மாடிவீட்டுச் சிறுமி தன் முதல் தொட்டியை வைத்தாள். கப்பித் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் பையில் போட்டுக் கொடுத்து, முதலில் நான்கே மீன்கள் விடச் சொன்னேன். பத்தாம் நாள் நைட்ரைட் சோதித்த குழாயை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தாள். நீர் வெளிர் நீலமாகவே, நைட்ரைட் இல்லை என்று சொல்லும் நிறத்திலேயே, இருந்தது.