கடலோரத்து வீட்ல கேஸ் அடுப்பு ஏன் இவ்ளோ மக்கர் பண்ணுது?

கேஸ் அடுப்பு சரியா எரியலன்னா எல்லாருக்கும் முதல் சந்தேகம் சிலிண்டர் மேலதான் வரும், அடுத்தது ரெகுலேட்டர் மேல. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தா அடுப்புக்கு கேஸை விட காத்துதான் பல மடங்கு அதிகமா வேணும். நம்ம சிலிண்டர்ல இருக்கறது ப்ரோபேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. அதுல ஒரு லிட்டர் ப்ரோபேன் ஆவி முழுசா எரியணும்னா சுமார் 24 லிட்டர் காத்து வேணும், பியூட்டேனுக்கு 31 லிட்டர். அதனால வீட்ல நாமளே சரி பண்ற அளவுக்கு வர்ற கோளாறுல பெரும்பாலும் காத்து உள்ள போற வழியிலயோ, இல்ல தீப்பொறி வர்ற வழியிலயோதான் இருக்கும். கடலூர், பாண்டி மாதிரி ஊர்ல அந்தக் காத்தோட உப்பும் ஈரமும் இலவசமா சேந்து வருது. சோனாங்குப்பம், தேவனாம்பட்டினம், அந்தப் பக்கம் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம்னு கடலை ஒட்டி இருக்கறவங்க வீட்டு ஜன்னல் கம்பிய பாத்தாலே தெரியும், அதே வேலைய அந்தக் காத்து அடுப்புக்குள்ளயும் பாத்துட்டுதான் இருக்கு.

சிலிண்டருக்குள்ள அழுத்தம் வளிமண்டலத்த விட பல மடங்கு இருக்கும், ரெகுலேட்டர் அத கிட்டத்தட்ட 30 மில்லிபாருக்கு கொண்டு வந்துடுது, அதாவது வெளிக்காத்தோட அழுத்தத்த விட வெறும் 3 சதவீதம்தான் அதிகம். அட இவ்ளோதானான்னு தோணும். ஆனா அந்த சின்ன அழுத்தத்தோட கேஸ், நாபுக்குப் பின்னாடி இருக்கற பித்தளை ஜெட்டோட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை வழியா வெளிய வரும்போது, கணக்குப்படி செகண்டுக்கு சுமார் 50 மீட்டர் வேகம் வருது, மணிக்குன்னு பாத்தா 180 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30ல தானே புயல் நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்தப்ப அடிச்ச காத்தை விட இது வேகம். அந்த வேகத்துல கேஸ், காத்தோட கலக்கற மிக்சிங் டியூப்புக்குள்ள பாயறப்ப சுத்தி இருக்கற காத்தையும் சேத்து இழுத்துட்டு போகுது, ஃபேன் கிடையாது மோட்டார் கிடையாது, ஜெட்டுக்கும் டியூப்போட வாய்க்கும் நடுவுல விட்டுருக்கற அந்த இடைவெளி மட்டும்தான். 1855ல ஜெர்மனியில ராபர்ட் புன்சன் லேபுக்குன்னு செஞ்ச பர்னரும் இதே முறைதான், ஸ்கூல் லேப்ல பாத்திருப்பீங்க. தேவையான காத்துல ஏறக்குறைய பாதிய இப்படி முன்னாடியே இழுத்துக்கும், மீதிய பர்னர் தலைக்கு மேல எரியும்போது சுத்தி இருந்து எடுத்துக்கும்.

அதனாலதான் ஜெட்டு, டியூப்போட வாய், பர்னர் ஓட்டை இந்த மூணுல எது அடைச்சாலும் மொத்த ஆட்டமும் கெட்டுப் போகுது. டியூப்புக்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்கும், கரப்பான் முட்டை போட்டிருக்கும், பொங்கின பால் வழிஞ்சு கருகி ஒட்டியிருக்கும், இதெல்லாம் வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. அடுப்பை சுத்தம் பண்றேன்னு மேல மட்டும் பளபளன்னு துடைச்சுட்டு அடியில எட்டிக்கூட பாக்காம விடறதுதான் பல வீட்ல நடக்குது. ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிட்டு, அடுப்பு நல்லா ஆறினதுக்கு அப்புறம் பர்னர் தலைய எடுத்துட்டு, பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி எதாவது ஒண்ண டியூப்புக்குள்ள விட்டு சுத்தி எடுத்தா வர்றத பாருங்க. சில மாடல்ல டியூப் வாய்கிட்ட காத்தை கூட்டி குறைக்க ஒரு சின்ன தகடு இருக்கும், துரு பிடிச்சு மூடின மாதிரியே நின்னுடும், அதையும் பாத்துக்கணும்.

ஜெட்டுல மட்டும் பொறுமை வேணும். பித்தளை மெத்துனு இருக்கற உலோகம், அதுல ஊசியையோ டிரில் பிட்டையோ விட்டு குடைஞ்சா ஓட்டை பெருசாயிடும். 0.7 மில்லிமீட்டர் ஓட்டை 0.8 ஆச்சுன்னு வைங்க, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா பரப்பளவு 30 சதவீதம் கூடிடுது, அந்தளவு கேஸும் கூடுது, அதுக்கேத்த காத்து கிடைக்காம தீ மஞ்சளாகி பாத்திரத்த கரியாக்குது. அடைப்பு இருந்தா ஜெட்டை கழட்டி மண்ணெண்ணெயில ஊற வச்சு ஊதுங்க, ஊதியும் போகலன்னா ஓட்டைய விட மெல்லிசான செம்புக் கம்பி இழை ஒண்ணு போதும், அதுவும் சரிவரலன்னா புது ஜெட்டே வாங்கிடலாம், அது அடுப்புல ரொம்ப மலிவான பாகம்தான். ஜெட்டை மறுபடி மாட்டும்போது இறுக்கமா மாட்டினோமான்னு சோப்புத் தண்ணி தடவி பாக்கறது கட்டாயம், நெருப்புக்குச்சி காட்டி பாக்கற வேலையே வேண்டாம்.

இனி தீயோட நிறம், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. நல்லா காத்து கலந்து எரியற கேஸ் நீலமா இருக்கும், எரியும்போது நடுவுல ஒரு கணம் மட்டும் உருவாகி மறையற கார்பன், ஹைட்ரஜன் துண்டுகள் விடற வெளிச்சம் அது. காத்து பத்தலன்னா எரியாத கார்பன் கரித்துகளா மாறி சூட்டுல தகதகன்னு மஞ்சளா ஒளிரும், அந்தத் துகள்தான் குக்கர் அடியில கரியா ஒட்டுது, கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும், அதனால மஞ்சள் தீய வச்சுக்கிட்டு ஜன்னல அடைச்சு சமைக்கறது உடம்புக்கு நல்லதில்ல. ஆனா நம்ம ஊர்ல இன்னொரு ஆரஞ்சு இருக்கு. நீலத் தீ நடுவுல அங்கங்க ஆரஞ்சுப் பொறி பறக்கும், காத்து வீசும்போது கூடும், அப்புறம் தானா குறையும். அது சோடியம், கடல் காத்துல வர்ற உப்பு. சோடியம் அணு சூடானா 589 நானோமீட்டர் பக்கத்துல அந்த மஞ்சள் ஆரஞ்சு வெளிச்சத்த விடும், துளி உப்பு இருந்தாலே போதும். உப்பு மசாலா தடவின வஞ்சிரம் வறுக்கும்போது எண்ணெய் தெறிச்சு விழுந்தாலும் இதேதான் நடக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க பாத்திரத்தோட அடிய பாருங்க. கரி பிடிச்சா காத்து பத்தல, டியூப்பை சுத்தம் பண்ணணும். கரியே இல்ல, ஆரஞ்சு மட்டும் விட்டு விட்டு வருதுன்னா அது உப்பு, அதுக்காக மெக்கானிக்க கூப்பிட்டு காசு குடுக்காதீங்க.

பித்தளை பர்னர்ல சில சமயம் தீயோட ஓரம் பச்சையா தெரியும், அது பித்தளையில இருக்கற செம்பு, உப்புக் காத்துல பாசி மாதிரி பச்சை படிஞ்சு அது சூட்டுல ஆவியாகறது. சிலிண்டர் தீரப் போற நேரத்துல தீ லேசா மஞ்சளாகறதுக்கும் காரணம் உண்டு, ப்ரோபேன் மைனஸ் 42 டிகிரியிலயே கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்கு பக்கத்துலதான் கொதிக்கும், அதனால ப்ரோபேன்தான் வேகமா முன்னாடி காலியாகுது, கடைசியில மிச்சம் இருக்கறதுல பியூட்டேன் அதிகம், அதுக்கு காத்தும் அதிகமா வேணும்.

பித்தளை பர்னர நம்ம வீட்ல புளியும் உப்பும் போட்டு தேய்க்கற பழக்கம் நல்ல வேதியியல்தான், புளியில இருக்கற டார்டாரிக் அமிலம் மேல படிஞ்ச ஆக்சைடை கரைச்சுடும். ஆனா அந்த உப்பு ஓட்டைக்குள்ள தங்கினா நாளைக்கு அதுவே பச்சையையும் ஆரஞ்சு தீயையும் கொண்டு வரும், அதனால நல்ல தண்ணி விட்டு ரெண்டு தடவை அலசி, ஒவ்வொரு ஓட்டையையும் குச்சியால குத்தி விட்டு, முழுசா காய வச்சு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா பாதி ஓட்டை தண்ணி அடைச்சு ஒரு பக்கம் மட்டும் எரியும். அலுமினிய பாகத்துக்கு சலவை சோடா, காஸ்டிக் சோடா கலந்த எதையும் கிட்டவே கொண்டு போகாதீங்க, காரம் அலுமினியத்த அரிச்சு கருப்பாக்கிடும்.

"டப்"னு சத்தம் வந்து தீ உள்ள போயிடறது இன்னொரு தொல்லை. எல்பிஜி காத்து கலவையில தீ செகண்டுக்கு சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்துல பின்னாடி நகரப் பாக்கும், கலவை அத விட வேகமா வெளிய வந்தா தீ ஓட்டை மேல நிக்கும், மெதுவா வந்தா தீ உள்ள நுழைஞ்சு ஜெட்டுகிட்ட எரிய ஆரம்பிக்கும். பர்னர் தலை சாய்ஞ்சு உக்காந்திருந்தாலோ, ஜெட் பாதி அடைச்சிருந்தாலோ, ஓட்டைங்க தேய்ஞ்சு அகலமாயிருந்தாலோ இது நடக்கும். உடனே நாபை மூடணும், சத்தத்தோட எரியட்டும்னு விட்டா டியூப்பும் நாபும் உருகற அளவுக்கு சூடாகும். தேய்ஞ்ச பர்னர மாத்தறது தவிர வழியில்ல.

இப்ப தீப்பொறி தர்ற இக்னைட்டர். "டக்"னு ஒரு தடவ சத்தம் வர்ற மாடலும் கையில பிடிச்சு அமுக்கற லைட்டரும் ஒரே ஜாதி. உள்ள ஸ்பிரிங் வச்ச ஒரு சுத்தியல், அது ஒரு பீங்கான் மாதிரி கட்டிய அடிக்கும், அடிச்ச வேகத்துல அந்தக் கட்டியோட ரெண்டு முனைக்கும் நடுவுல பல ஆயிரம் வோல்ட் உருவாகும். சில படிகங்கள அழுத்தினா மின்சாரம் வருதுன்னு 1880ல ஜாக் க்யூரி, பியர் க்யூரி அண்ணன் தம்பி கண்டுபிடிச்சது, பியர்தான் பின்னாடி மேரி க்யூரிய கட்டிக்கிட்டவரு. "டிக் டிக் டிக்"னு விடாம அடிக்கற மாடல்ல 1.5 வோல்ட் பேட்டரி ஒண்ணு, அத ஒரு சின்ன சர்க்யூட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தி விடுது. காஞ்ச காத்துல ஒரு மில்லிமீட்டர் தூரம் தாண்ட சுமார் 3000 வோல்ட் வேணும், இக்னைட்டர் முனைக்கும் பர்னருக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் இடைவெளி, அதத் தாண்டற அளவுக்குதான் இந்த ஏற்பாடு.

ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு பருவமழை பிடிச்சுக்கிட்டா இது ஏன் வேலை செய்யாம போகுதுன்னா, அவ்ளோ வோல்ட் இருக்கற மின்சாரத்துக்கு, இக்னைட்டர் முனைய சுத்தி இருக்கற பீங்கானோட உப்பு ஈரம் படிஞ்ச மேல்பரப்பு ஒரு ரோடு போட்ட மாதிரி. முனை வரைக்கும் போகாம பீங்கான் மேலயே ஊர்ந்து அடுப்போட பாடிக்கு இறங்கிடும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, ராத்திரி ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிட்டு சமையல்கட்டு லைட்டை அணைச்சுட்டு நாபை அமுக்கி பாருங்க, பொறி எங்க அடிக்குதுன்னு இருட்டுல நல்லா தெரியும். முனையில அடிச்சா இக்னைட்டர் நல்லா இருக்கு, பர்னர் ஓட்டை அடைச்சு அந்த இடத்துக்கு கேஸ் வரல. வேற எங்கயோ ஒயர் பக்கம் அடிச்சா இன்சுலேஷன் கிழிஞ்சிருக்கு. பீங்கான் மேல ஊர்ந்தா உலர்ந்த துணியால துடைச்சு காய வைங்க, கீறல் விட்டிருந்தா மாத்திடுங்க. எங்கயுமே அடிக்கலன்னா பேட்டரி பெட்டிய திறந்து பாருங்க, ஸ்பிரிங்ல பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தா உப்புத்தாள் போட்டு தேய்ச்சாலே பாதி நேரம் உயிர் வந்துடும். மழைக்கு அடிக்காத கை லைட்டர எரியற அடுப்பு மேல காட்டி சூடு பண்றவங்க உண்டு, பிளாஸ்டிக் உருகும், உள்ள இருக்கற கட்டியும் அளவுக்கு மீறி சூடானா அந்த மின்சாரம் தர்ற குணத்தையே இழந்துடும். வெயில்ல வச்சா போதும், வெயில் இல்லன்னா அரிசி டப்பாக்குள்ள போட்டு வைங்க.

அஞ்சு செகண்டுக்குள்ள பத்தலன்னா நாபை மூடிட்டு ஜன்னலத் திறந்து விட்டு கொஞ்ச நேரம் கழிச்சுதான் மறுபடி போடணும். எல்பிஜி காத்த விட கனம், தரையோட தங்கும், காத்துல 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கற நிலைக்கு வந்துடும். நாபுக்குள்ள கேஸை திறந்து மூடற பித்தளை டேப்பையும் ரெகுலேட்டரையும் பிரிக்கற வேலைய மட்டும் நீங்க எடுத்துக்காதீங்க, அது மெக்கானிக் வேலை. ரப்பர் டியூப்ப அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், அதுல வெடிப்பு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே. கேஸ் வாசனை நிக்காம வந்தா சுவிட்ச் எதையும் தொடாம ரெகுலேட்டரை மூடி வெளிய வந்து 1906க்கு போன் போடுங்க.

பைப்லைன் கேஸுக்கு மாறறவங்களுக்கு ஒரு விஷயம். அதுல வர்றது மீத்தேன், ஒரு லிட்டர் எரிய சுமார் 10 லிட்டர் காத்துதான் வேணும், ஆனா அதே சூடு கிடைக்க கேஸ் அதிகமா வரணும், அதனால அதுக்கு ஓட்டை பெருசா இருக்கற வேற ஜெட் மாட்டுவாங்க. பின்னாடி வீடு மாறி அதே அடுப்புல சிலிண்டர் போட வேண்டி வந்தா பழைய ஜெட்ட திரும்ப மாட்டாம பத்த வைக்காதீங்க, தீ முழங்கை உயரத்துக்கு மஞ்சளா எழும்பும். கழட்டின பழைய ஜெட்ட ஒரு கவர்ல போட்டு அடுப்போட பில்லோட சேத்து வச்சுக்குங்க.