புராஸ்டேட் புற்று திரும்பிவிட்டது: எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளும்?

அறுவை சிகிச்சையில் புராஸ்டேட்டை முழுதாக எடுத்தவருக்கு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுபரிசோதனையும் அதையே சொன்னால் நோய் திரும்பிவிட்டது என்று கொள்கிறோம். கதிர்வீச்சு பெற்றவரின் கணக்கு வேறு. சுரப்பி உள்ளேயே இருப்பதால் கொஞ்சம் பி.எஸ்.ஏ. இருக்கத்தான் செய்யும். சிகிச்சைக்குப் பின் அது இறங்கிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால்தான் கவலை. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

பி.எஸ்.ஏ. எவ்வளவு என்பதைவிட அது ஏறும் வேகம் முக்கியம். இரட்டிப்பாக இரண்டு வருடம் எடுத்துக்கொண்டால் பொறுத்திருந்து கவனிக்கலாம். ஒன்பது மாதத்துக்குள் இரட்டித்தால் தள்ளிப்போடக் கூடாது. வேகத்தைச் சரியாகக் கணக்கிட, ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் ரத்தம் கொடுங்கள். புராஸ்டேட் புற்றணுக்களை ஒளிரவைத்துக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் ஹார்மோன் ஊசி தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஊசி போட்ட பின் சில கட்டிகள் ஸ்கேனில் சரியாகத் தெரியாமல் போகலாம்.

நோய் பரவிய நிலையில் எல்லா சிகிச்சைக்கும் அடித்தளம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்குவதுதான். அதைச் சுரக்கும் விரைகளை நீக்கினால் இந்தப் புற்று சுருங்கும் என்று அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தச் சின்ன அறுவை இன்றும் மதிப்பிழக்கவில்லை. ஒரே முறை செலவு, டெஸ்டோஸ்டிரோன் ஒரே நாளில் இறங்கிவிடும், ஊசித் தேதியை மறக்கும் பேச்சே இல்லை. திரும்பப் பெற முடியாது என்பதும் மனம் ஒப்ப வேண்டும் என்பதும்தான் தடை.

லூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஊசிகள் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். முதுகெலும்பில் புற்று இருப்பவருக்கு அந்த ஏற்றமே ஆபத்து. அதனால்தான் ஊசிக்கு முன்பே, டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைடு மாத்திரை தொடங்கிச் சில வாரம் கொடுக்கிறோம். டெகரெலிக்ஸ் ஊசியில் இந்தச் சிக்கல் கிடையாது.

ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே பி.எஸ்.ஏ. ஏறினால், மருந்து மாற்றும் முன் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பாருங்கள். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால்தான் நோய் ஊசிக்கு அடங்கவில்லை என்று அர்த்தம். திருவிழா, கல்யாணம் என்று ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனவருக்கு ஏறுவது பெரும்பாலும் வேறு கதை. இன்னொன்று: அடுத்த கட்ட மாத்திரை சேர்த்தாலும் ஊசி தொடர வேண்டும். மாத்திரை வந்ததும் ஊசியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அபிராட்டெரோன், என்சலூட்டமைடு, அபலூட்டமைடு, டாரோலூட்டமைடு: அந்த மாத்திரையை இவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. இவற்றின் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, வித்தியாசம் பக்கவிளைவில்தான். ஆகவே நோயாளியின் சுகர், இதயம், கல்லீரல், நடை ஆகியவையே தேர்வைத் தீர்மானிக்கட்டும்.

அபிராட்டெரோன் நம் ஊரில் ஜெனரிக்காகக் கிடைப்பதால் பலருக்கும் முதலில் எழுதப்படுவது. தினம் 1000 மில்லிகிராம், வெறும் வயிற்றில்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அதன் பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல். கொழுப்பான உணவோடு விழுங்கினால் ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறும். இதைப் பயன்படுத்தி 250 மில்லிகிராமைக் கொழுப்பு குறைந்த உணவோடு கொடுக்கும் முறையை 72 பேரிடம் சோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. பி.எஸ்.ஏ. இறங்கியதில் அது முழு டோஸுக்குக் குறையவில்லை. பணமில்லாமல் மருந்தையே நிறுத்தப்போகிறவரிடம் மருத்துவர் இதைப் பேசலாம். வீட்டில் தானாகக் குறைத்துக்கொள்ளும் விஷயம் இல்லை.

இதோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மில்லிகிராம், நோயின் கட்டத்தைப் பொறுத்து தினம் ஒன்றோ இரண்டோ உண்டு. "ஸ்டீராய்டு கெடுதல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். அபிராட்டெரோன், உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலையும் குறைத்துவிடும். அதை ஈடுகட்ட அட்ரீனல் சுரப்பி தூண்டப்பட்டு, உப்பையும் நீரையும் தேக்கும் ஹார்மோன்கள் பெருகும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். இதயம் பலவீனமானவர் மூச்சுத்திணறலோடு வந்து சேர்வார். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கல்லீரல் பரிசோதனையும், மாதாமாதம் பிரஷரும் பொட்டாசியமும் பார்த்தே ஆக வேண்டும்.

சுகர் கட்டுக்குள் வராதவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் ஸ்டீராய்டு தேவைப்படாத என்சலூட்டமைடு பரவாயில்லை. ஆனால் பிரஷரை அதுவும் ஏற்றும். வலிப்பு வந்தவருக்கு வேண்டாம். முதியவர்களுக்கு அடிக்கடி தரும் தொல்லை அசதியும் கீழே விழுவதும்; ஏற்கெனவே எலும்பு தேய்ந்தவர் ஒரு முறை விழுந்தாலே இடுப்பு உடையலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளின் வேலையையும் இது மாற்றிவிடும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது அதற்காகத்தான். அபலூட்டமைடு தோலில் தடிப்பையும் தைராய்டு குறைவையும் தரும். டாரோலூட்டமைடு மூளைக்குள் குறைவாகவே போகும், தினம் இரண்டு வேளை சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் டாரோலூட்டமைடு தொடங்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும்.

ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் "இன்னொன்றை மாற்றிப் பார்க்கலாமே" என்று வீட்டார் கேட்பார்கள். பெரும்பாலும் பலன் சொற்பம். அந்த இடத்தில் கீமோதான் நியாயமான பேச்சு. கீமோ மருந்தான டோசிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏறும். உதிர்ந்த முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். விரல் மரத்துப்போவது சிலருக்கு நிலைத்துவிடும். சட்டை பட்டன் போடச் சிரமமானால் உடனே சொல்லுங்கள், டோஸைக் குறைக்க வழி இருக்கிறது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டுக் காத்திராமல் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளணு அடியோடு குறைந்திருக்கும் நேரம் அது.

பழுதான டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் மாற்றம் இருந்தால் ஒலாபரிப் மாத்திரை உதவும், ரத்தசோகை அதன் விலை. மாற்றம் பிறவியிலேயே வந்ததென்றால் பிள்ளைகளும் மரபணு ஆலோசனை பெற வேண்டும். கதிர்வீசும் மருந்தை ஊசியாக ஏற்றும் லுட்டீஷியம் சிகிச்சை, பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனில் கட்டிகள் நன்றாக ஒளிர்ந்தவருக்கே. ஆறு வாரத்துக்கு ஒன்றாக அதிகபட்சம் ஆறு ஊசி. வாய் வறண்டு சோறு இறங்கச் சிரமமாகலாம்.

எலும்பைக் காக்க சோலெட்ரோனிக் ஆசிட் போடும் முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். இடையில் பல் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

முதுகில் புதிதாக வலி, படுத்தால் கூடும் வலி, காலில் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு: இவற்றுக்கு அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நடந்து வருகிறவரின் நடையைக் காப்பாற்ற முடிகிறது. தூக்கி வரப்படுகிறவரைத் திரும்ப நடக்க வைப்பது அரிது.