கல்லூரி ஆபீஸில் "அப்புறம் வா" என்றால்: மாணவர்களுக்கு உள்ள உதவிகளும் குறைதீர்ப்புக் குழுவும்

கல்லூரியில் சேர்ந்ததும் கையில் ஒரு கையேடு தருவார்கள். வருகைப்பதிவு, நூலக நேரம், உடை விதி என்று போகும். கடைசிப் பக்கங்களில் சில குழுக்களின் பெயர்கள் இருக்கும்: மாணவர் குறைதீர்ப்புக் குழு, உள்ளகப் புகார்க் குழு, ராகிங் தடுப்புக் குழு. அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போன பலரை எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம். "ஆபீஸில் கேட்டேன், அப்புறம் வரச் சொன்னாங்க" என்று திரும்பிவிடுவார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் இது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றைப் பெறலாம். பட்டப்படிப்பு மட்டுமல்ல, டிப்ளமோ, ஐடிஐ படிப்பவர்களுக்கும் உண்டு. வேறு ஸ்காலர்ஷிப் வாங்குகிறோமே என்று விட்டுவிட வேண்டாம், இதையும் சேர்த்தே பெறலாம். அஞ்சல்வழியில் படிப்பவர்களுக்குக் கிடையாது. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பள்ளியில் தந்த எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்) தொலைக்காதீர்கள். பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி என்றால், சேர்ந்த மாதத்திலேயே திருத்தத்துக்குக் கொடுங்கள்.

சரி, விண்ணப்பித்தாயிற்று. பணம் வரவில்லை. அல்லது கல்லூரி மாறப் போகிறீர்கள், டிசியைத் தர மறுக்கிறார்கள். அல்லது தேர்வு முடிவு மாதக்கணக்கில் வரவில்லை. அப்போது யாரிடம் போவது?

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் தலைவர், மூத்த ஆசிரியர்கள் நான்கு பேர் உறுப்பினர்கள், ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். இவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது எஸ்சி, எஸ்டி அல்லது ஓபிசி வகுப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். எந்தெந்தக் குறையைக் கொண்டு போகலாம் என்பதையும் விதியிலேயே சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது, ஸ்காலர்ஷிப் தாமதம், தேர்வு நடத்துவதிலும் முடிவு வெளியிடுவதிலும் தாமதம், சேர்க்கையை ரத்து செய்தபின் கட்டணத்தைத் திருப்பித் தராதது, பாகுபாடு எல்லாம் அதில் உண்டு.

குழு தன் அறிக்கையைக் கூடிய வரை 15 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ஒரு நகல் உங்களுக்கும் வர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால், அது கைக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவரைப் பல்கலைக்கழகம் நியமிக்கிறது. ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ, ஓய்வுபெற்ற பேராசிரியராகவோ, முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும் என்பது விதி. மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் அவரிடம் போக முடியாது. முடிவையே மாற்றும் அளவுக்கு முறைகேடு நடந்திருந்தால் போகலாம்.

இங்கேதான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். வாயால் சொன்னதற்கு எந்தத் தேதியும் கிடையாது. குழுவுக்கான அந்த 15 வேலை நாள் கணக்கு மனு கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும். அதனால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பெயர், வகுப்பு, பதிவு எண், என்ன நடந்தது, எந்தத் தேதியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன வேண்டும். ஒரு பக்கம் போதும். கோபத்தைக் கொட்ட வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பொய்ப் புகார் என்று தெரிந்தால் உங்கள்மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க விதியில் இடமுண்டு. மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் "பெறப்பட்டது" என்று தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அந்த ரசீதே உங்களுக்குச் சாட்சி. துறைத்தலைவருக்குப் பிடிக்காதே, இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவாரோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. தனியாகக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், அதே பிரச்சினை உள்ள நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று இருந்து, எழுதுவது சிரமம் என்றால், சொல்வதை எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகவும் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் முழுதாக ஒரு மணி நேரம். இதை ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் போய்க் கேட்டால் அலைய விடுவார்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே சான்றிதழ் நகலோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாலியல் தொல்லை என்றால் குறைதீர்ப்புக் குழு இடமல்ல, உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்தக் கெடுவை நீட்டிக்கலாம். ராகிங் என்றால் காத்திருக்கவே வேண்டாம். 1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

அரியர், காதல், வீட்டில் கடன் என்று மனசு கனத்துப்போய், யாரிடமும் சொல்ல முடியாமல் விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மனு எழுதுவதெல்லாம் அப்புறம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பக்கத்துப் படுக்கை நண்பன் சரியாகச் சாப்பிடாமல், வகுப்புக்கும் வராமல் இருந்தால், அந்த எண்ணை நீங்களே போட்டு அவன் கையில் போனைக் கொடுங்கள்.