இன்ட்ரோகிரெஷன் – மரபணு ஊடுருவல்

ஓர் இனத்தின் மரபணுக்கள், கலப்பின வாரிசுகள் வழியாக இன்னோர் இனத்துக்குள் போய் அங்கேயே தங்கிவிடுவதை உயிரியலில் இன்ட்ரோகிரெஷன் என்கிறார்கள். அருகிவரும் வாத்தினங்களின் மரபியலைப் படிக்கப் போனால் இந்தச் சொல் அடிக்கடி எதிர்ப்படும். ‘இனக்கலப்பு’ என்று தமிழில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘இன்ட்ரோ’ என்றால் உள்ளே. ‘கிரடி’ என்றால் அடியெடுத்து வைப்பது. பள்ளிக்கூடத்து புரோகிரஸ் கார்டில் இருக்கும் ‘கிரஸ்’ஸும் இதே வேர்தான். உயிரியலில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் எட்கர் ஆண்டர்சன், லெஸ்லி ஹூப்ரிக்ட் என்ற அமெரிக்க உயிரியலாளர்கள். 1938இல் டிராடெஸ்கான்ஷியா என்ற பூச்செடியைப் பற்றி எழுதியபோது பயன்படுத்தினார்கள். செடிக்காகப் பிறந்த சொல் பின்னாளில் வாத்துக்கும் வந்து சேர்ந்தது.

வாத்துக் கதைக்கு ஹவாய் தீவுகளுக்குப் போகலாம். அங்கே மட்டுமே வாழும் ஒரு வாத்துக்குக் கொலோவா மாவோலி என்று பெயர். மண்ணுக்குரிய வாத்து என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வேட்டைக்கும் அழகுக்குமாக மல்லார்டு வாத்துகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். (நம் வயல்களில் மேய்க்கிற நாட்டு வாத்தும் மல்லார்டு வழி வந்ததே.) இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் இணைசேரும், குஞ்சுகளும் மலடாக இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முதல் தலைமுறைக் குஞ்சில் மல்லார்டு பங்கு பாதி. அது வளர்ந்து ஒரு கொலோவாவோடு சேர்ந்தால் கால், அப்புறம் அரைக்கால். இப்படித் திரும்பத் திரும்பத் தாய் இனத்தோடு சேர்வதற்குப் பிற்கலப்பு என்று பெயர். பிற்கலப்பு நடந்தால்தான் ஊடுருவல்.

கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது கடினம். மல்லார்டு ஆணுக்குப் பளபளக்கும் பச்சைத் தலையும், வால் நடுவில் மேல்நோக்கிச் சுருண்ட கறுப்பு இறகுகளும் உண்டு. கொலோவா ஆணோ அனேகமாகப் பெட்டையைப் போலவே தவிட்டு நிறம். அந்தச் சுருள் இறகு தெரிந்தால் சந்தேகப்படலாம்; அரைக்கால் கலப்புக்கு அந்த அடையாளமும் போயிருக்கலாம். ஆகவே இரத்தத்தில் இருந்து டி.என்.ஏ. எடுக்க வேண்டும். உயிரணுவின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டி.என்.ஏ. மட்டும் போதாது. அது தாய்வழியாக மட்டுமே வருவதால், பாட்டி கொலோவாவாகவும் அடுத்தடுத்த தலைமுறைகளில் தந்தைகள் மல்லார்டாகவும் இருந்தாலும் ‘கொலோவா’ என்றே காட்டும். உட்கரு டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான இடங்களை ஒப்பிட்டால்தான் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

அப்படி ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, பாதுகாவலர்களுக்கு ஓர் ஆறுதலைத் தந்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயின் கொலோவாக்கள் பெரும்பாலும் கலப்பில்லாமல் இருந்தன; மரபணு வேறுபாடும் போதிய அளவு இருந்தது. ஓஆஹு, மாவுயி போன்ற தீவுகளில் கலப்பினக் கூட்டங்கள்தான். 1950களின் இறுதியிலிருந்து கூண்டில் வளர்த்த கொலோவாக்களைப் பிற தீவுகளில் விட்டுப் பார்த்திருந்தார்கள். மல்லார்டுகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அந்த உழைப்பு கலப்பினக் குஞ்சுகளாகத்தான் முடிந்தது. இப்போது வரிசை தெளிவு: முதலில் மல்லார்டுகளையும் கலப்பினங்களையும் அகற்று, பிறகு கௌவாயிலிருந்து பறவைகளைக் கொண்டுவா.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹவாயின் இன்னொரு வாத்தினமான லேசன் வாத்தும் மல்லார்டும் கலந்து பிறந்த இனம்தான் கொலோவா என்று 2015இல் இன்னொரு மரபணு ஆய்வு சொன்னது. அதனால்தான், இத்தகைய கலப்பைச் சிலர் ‘மரபணு மாசு’ என்று சொல்வது எனக்கு ஒட்டுவதில்லை. தானாக வந்து கலந்ததற்கும் மனிதன் கப்பலில் ஏற்றிவந்து கலக்கவிட்டதற்கும் வேறுபாடு இருக்கிறது, சரி. ஆனால் மரபணு தன்னளவில் அழுக்கல்ல.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘உட்கலப்பு’ மேலுக்குப் பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் நெருங்கிய உறவுக்குள் நடக்கும் கலப்பு என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ‘மரபணுப் புகுதல்’ வாசலோடு நின்றுவிடுகிறது. ஊடுருவல் அப்படியல்ல. ஊடு என்றால் நடுவே, இடையே. உருவுதல் என்றால் துளைத்துச் செல்வது. மெல்ல மெல்ல உள்ளே பரவி நிலைப்பதும் அதில் வந்துவிடுகிறது. மரபணு ஊடுருவல் என்பதே என் தேர்வு. எதிரி நாட்டு ஊடுருவல் என்ற செய்தித்தாள் வாடை கொஞ்சம் அடிக்கும்தான். ‘மரபணு’ முன்னால் நின்றால் அது அடங்கிவிடும்.

கலப்பு வேறு, ஊடுருவல் வேறு என்பதற்கு ஸ்பெயின் நல்ல சான்று. அங்கே வெண்தலை வாத்து 1977இல் வெறும் 22 பறவைகளாகக் குறைந்திருந்தது. பாதுகாப்பால் பெருகிவந்த நேரத்தில், பிரிட்டனில் வளர்ப்பிடத்திலிருந்து தப்பிப் பெருகிய வட அமெரிக்க ரட்டி வாத்துகள் பறந்து வந்து அதனோடு இணைசேர்ந்தன. வந்தவற்றையும் கலப்பினங்களையும் ஸ்பெயின் உடனுக்குடன் சுட்டு அகற்றியது. 2007இல் வெளியான ஆய்வில், அங்கிருந்த வெண்தலை வாத்துகளில் ரட்டி மரபணு தங்கியதற்குத் தடயமே இல்லை. அங்கே நடந்ததைக் கலப்பு என்று எழுதலாம். ஊடுருவல் என்று எழுதினால் தவறு.