கிளிக் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: திரைப்பதிவு ஏன் தடம் மாறுகிறது?

விஎல்சி பிளேயரில் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற திரைப்பதிவு, எடிட்டிங் மென்பொருளுக்குள் போனதும் கோளாறு காட்டும். "இப்போது இந்த பட்டனை அழுத்துங்கள்" என்று குரல் சொல்வதற்குள் பட்டனை அழுத்தி, அடுத்த பக்கமே வந்திருக்கும். ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், மென்பொருள் சொல்லித் தருபவர்கள், கேம் ஆடிப் பதிவேற்றுபவர்கள் எல்லோருக்கும் பழக்கமான தொல்லை இது. பதிவே கெட்டுவிட்டது என்று நினைத்து முழுப் பாடத்தையும் மறுபடி பேசிப் பதிவு செய்பவர்கள் உண்டு. அந்த உழைப்பு வீணாகிறது. ஏனென்றால் முதல் பதிவு பெரும்பாலும் நல்ல பதிவுதான்.

திரையைப் பதிவு செய்வது கேமராவில் படம் பிடிப்பது போன்றது அல்ல. வீடியோ கேமராவில் நொடிக்கு 25 படம் என்று வைத்துவிட்டால், எதிரே எதுவும் அசையாவிட்டாலும் அது 25 படம் எடுத்துக்கொண்டே இருக்கும். திரைப்பதிவு செயலிகள் பலவற்றுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 1920×1080 அளவுத் திரையை நொடிக்கு 60 முறை அப்படியே எடுத்தால், சுருக்குவதற்கு முன்பு நொடிக்கு சுமார் 373 மெகாபைட் சேரும். நீங்களோ ஒரே ஸ்லைடைக் காட்டியபடி அரை நிமிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மாறாத படத்தை எதற்குத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும்? அதனால் திரையில் ஏதாவது மாறும்போது மட்டும் புதுப் படம் எழுதப்படுகிறது. பக்கத்தை வேகமாக நகர்த்தினால் நொடிக்கு 60 படம். அசையாமல் விட்டால் ஒன்றிரண்டுதான். இப்படி எழுதப்படும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது ஃபிரேம் ரேட். இதுதான் மாறும் ஃபிரேம் ரேட், சுருக்கமாக விஎஃப்ஆர். போனில் இருக்கும் திரைப்பதிவு வசதி பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறது. கணினியில் வேலைப்பளு கூடி, சில படங்கள் நழுவிப்போனாலும் இதே நிலைதான்.

அப்படியானால் விஎல்சி-யில் மட்டும் எப்படிச் சரியாக ஓடுகிறது? எம்பி4 கோப்புக்குள் ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்ற அட்டவணையும் சேர்ந்தே இருக்கிறது. பிளேயர் அதைப் பார்த்து, ஒரு படத்தை 16 மில்லிநொடியும் இன்னொன்றை மூன்று நொடியும் காட்டும்.

எடிட்டிங் மென்பொருளில் படத்தையும் ஒலியையும் நேர வரிசையில் அடுக்கும் பட்டைதான் டைம்லைன். அது கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. நொடிக்கு 30 என்றால் 30 கட்டம், எல்லாம் ஒரே அகலம். வெட்டுவது, ஒட்டுவது, எஃபெக்ட் போடுவது எல்லாம் இந்தக் கட்டக் கணக்கில்தான் நடக்கும். அட்டவணையைக் கவனிக்காமல், வருகிற படங்களை மென்பொருள் வரிசையாகக் கட்டத்துக்கு ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? பத்து நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் ஸ்லைடு. சராசரியாக நொடிக்கு 10 படம், மொத்தம் 3,000. அடுத்த ஐந்து நிமிடம் செய்முறை. நொடிக்கு 50, மொத்தம் 15,000. இரண்டும் சேர்ந்து 18,000. பத்து நிமிடத்துக்கு வகுத்தால் சராசரி சரியாக 30. மென்பொருளும் இதை 30 ஃபிரேம் வீடியோ என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் முதல் 3,000 படங்கள் 100 நொடியிலேயே தீர்ந்துவிடும். ஐந்தாவது நிமிடத்தில் தொடங்க வேண்டிய செய்முறை, ஒரு நிமிடம் நாற்பது நொடியிலேயே தொடங்கிவிடும். வியப்பு என்னவென்றால், வீடியோ முடியும் இடத்தில் குரலும் படமும் மறுபடி ஒன்று சேர்ந்துவிடும்! மொத்த நீளம் சரியாக இருப்பதால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம்.

இது விளங்குவதற்காகப் பெரிதாக்கிச் சொன்ன கணக்கு. இன்றைய மென்பொருள்கள் அட்டவணையை ஓரளவு பார்க்கின்றன. அடோபி பிரீமியர் புரோ 2018-ல் விஎஃப்ஆர் கோப்புகளுக்கான ஆதரவைச் சேர்த்தது. ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள் இப்படிப்பட்ட கோப்பைக் கண்டால், எடிட் செய்ய ஏற்றதாக மாற்றித் தரட்டுமா என்று கேட்கிறது. இருந்தாலும் நீளமான பதிவுகளில் சில ஃபிரேம்கள் விலகுவது இன்னும் நடக்கிறது. அந்தச் சில ஃபிரேமே உறுத்தும். குரல் படத்தை விட 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 125 மில்லிநொடி வரை கவனிக்க மாட்டார் என்று ஐடியு-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பிடி.1359 பரிந்துரை சொல்கிறது. இயற்கையில் ஒளிதான் முதலில் வரும், ஒலி பின்னால் வரும். அதற்கு எதிராக நடந்தால் நாம் சட்டென்று உணர்கிறோம்.

எப்படி விலகுகிறது என்பதைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகியிருந்தால் ஃபிரேம் ரேட்டைக் குறை சொல்லாதீர்கள். ப்ளூடூத் மைக் போன்ற ஏதோ ஒன்று ஒலியைத் தாமதமாகத் தந்திருக்கும். ஒலியை ஒரே ஒரு முறை நகர்த்தினால் போதும். சீராகக் கூடிக்கொண்டே போனால், இரண்டு வேகங்கள் குழம்பியிருக்கின்றன. 29.97 ஃபிரேம் வீடியோவை 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி வித்தியாசம் வரும். குரலும் கீச்சென்று மாறியிருந்தால், நொடிக்கு 44,100 மாதிரி (ஹெர்ட்ஸ்) என்று பதிவான ஒலியை மென்பொருள் 48,000 என்று வாசித்திருக்கிறது. விலகல் சில இடங்களில் கூடி, சில இடங்களில் குறைந்தால்தான் விஎஃப்ஆர் மீது சந்தேகம் வர வேண்டும்.

சந்தேகத்தை உறுதி செய்ய மீடியாஇன்ஃபோ என்ற இலவச செயலி போதும். கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் (மாறும்) என்று இருந்தால், வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் செயலியில் போட்டு, வீடியோ பகுதியில் 30 அல்லது 60-ஐத் தேர்ந்து, கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம்ரேட் என்பதை அழுத்தி மாற்றிவிடுங்கள். பாடங்களுக்கு 30 தாராளம். எழுத்துகள் மங்காமல் இருக்க தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18 பக்கம் இறக்கி வையுங்கள்; எண் குறைந்தால் தரம் கூடும். இந்த மாற்றத்தில் நடப்பது இவ்வளவுதான்: அட்டவணைப்படி காலியான இடங்களில் முந்தைய படமே மறுபடி எழுதப்படும், அதிகமாக இருக்கும் இடங்களில் சில படங்கள் விடுபடும். ஒலியின் நேரம் மாறாது. வெட்டத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பாதி எடிட் முடிந்த பிறகு கோப்பை மாற்றினால் போட்ட வெட்டுகள் எல்லாம் இடம் மாறும். அப்புறம் ஒவ்வொன்றையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

ஒலி மட்டும் கேட்டு, படம் வரவே இல்லை என்றால் அது வேறு விஷயம். படத்தைச் சுருக்கிய முறை மென்பொருளுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், பரவலாகப் பயன்படும் எச்.264 என்ற சுருக்கும் முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். படம் வருகிறது, ஆனால் டைம்லைனில் இழுக்கும்போது திக்குகிறது என்றால், முழுப் படங்கள் தூரத் தூரமாக இருக்கின்றன. எச்.264-ல் எல்லாப் படமும் முழுதாக எழுதப்படுவதில்லை. பெரும்பாலானவை முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் சொல்கின்றன. இந்த முறையில் சுருக்கித் தரும் எக்ஸ்264 என்கோடர் இயல்பாக 250 ஃபிரேம் வரை முழுப் படம் எழுதாமல் போகலாம். 30 ஃபிரேம் வீடியோவில் அது எட்டு நொடிக்கும் மேல். நீங்கள் நடுவில் எங்கே கிளிக் செய்தாலும், கணினி பின்னால் போய் அந்த முழுப் படத்திலிருந்து கணக்கிட்டு வர வேண்டும். பிராக்சி கோப்புகளை (எடிட் செய்ய எளிதான தற்காலிக நகல்கள்) உருவாக்கி எடிட் செய்வது இதற்கு நல்ல வழி.

பதிவின் நடுவே கரண்ட் போய், எம்பி4 கோப்பு திறக்கவே மறுத்தால்தான் உண்மையான இழப்பு. மேலே சொன்ன அட்டவணையைச் சாதாரண எம்பி4 கடைசியில்தான் எழுதுகிறது. அது இல்லாமல் உள்ளே இருக்கும் படங்களை வாசிக்க முடியாது. எம்கேவி என்ற இன்னொரு கோப்பு வகை அப்படியில்லை, நின்ற இடம் வரை ஓடும். ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவு செய்பவர்கள் எம்கேவி-யிலேயே பதிந்து, முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் வசதியால் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். மறுபடி சுருக்கும் வேலை இல்லாததால் சீக்கிரம் முடியும், தரமும் குறையாது.