இனவெறி, இனவாதம், இனப்பாகுபாடு: எந்தச் சொல்லை எங்கே ஆள்வது?

‘ரேசிசம்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் பெரும்பாலும் ‘இனவெறி’ என்றும், இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘இனவாதம்’ என்றும் எழுதுகின்றன. சட்டம் பேசும் இடங்களில் ‘இனப்பாகுபாடு’ வருகிறது. மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி ஆள்வது வழக்கமாகிவிட்டது. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்தத் தீங்கைப் பற்றிய பேச்சு தொடங்குவதும் தொடங்காமலே முறிவதும் அமைகின்றன என்று நான் உறுதியாக நம்புவதால், ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ‘இனம்’. பழந்தமிழில் இச்சொல் கூட்டம், மந்தை, வகை, உடனிருப்போர் ஆகிய பொருள்களைத் தந்தது. திருக்குறளின் சிற்றினம் சேராமை அதிகாரம், சேர்ந்த நிலத்தின் இயல்பால் நீர் திரிவதுபோல மனிதருடைய அறிவும் அவர் சேர்ந்த இனத்தின் இயல்பாகும் என்கிறது. அங்கே இனம் என்பது ஒருவர் தாமே தேர்ந்து சேரும் கூட்டம். வேண்டாமென்றால் விலகிவிடவும் முடியும். பிறப்பால் ஒட்டிக்கொண்டு இறக்கும்வரை விலகாத அடையாளம் என்ற பொருள் அச்சொல்லின் மேல் அழுத்தமாக ஏறியது, ஐரோப்பியரின் ‘ரேஸ்’ என்ற கருத்தை அதனால் பெயர்க்கத் தொடங்கிய பின்னரே.

‘ரேஸ்’ இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘ரேசிசம்’ அதைவிட மிகவும் இளையது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, அமெரிக்கப் படை அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட் 1902இல் ஆற்றிய உரையாகும். இனங்களைப் பிரித்துவைப்பதைக் கண்டித்தே அவர் பேசினார். ஆனால் 1879இல் அவர் நிறுவிய கார்லைல் பள்ளியில்தான் அமெரிக்கத் தொல்குடிக் குழந்தைகளின் தலைமுடி வெட்டப்பட்டது, அவர்கள் தாய்மொழி பேசுவதும் தடுக்கப்பட்டது. சொல்லை அறிந்திருப்பதும் தீங்கை அறிந்திருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் 1930களில், நாஜிகளின் இனக் கொள்கையை எதிர்த்தவர்களின் எழுத்துகளால் அச்சொல் பரவலானது.

இனி ‘வெறி’. சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் ஆடும் வெறியாட்டில் தொடங்கி இன்றைய குடிவெறி, வெறிநாய் வரைக்கும், தன்னிலை இழந்த ஆவேசமே இச்சொல்லின் உயிர்ப்பொருள். கூட்டம் திரண்டு கடைகளைக் கொளுத்தும்போது இனவெறி என்பது பொருத்தமான சொல். ஆனால் தென்னாப்பிரிக்காவின் ‘அபார்த்தைட்’ ஆட்சியை நாம் ‘நிறவெறி’ என்று எழுதிப் பழகியிருக்கிறோமே, அது சரிதானா? ஆப்பிரிகான்ஸ் மொழியில் அச்சொல்லுக்குப் பிரிந்திருத்தல் என்பதே பொருள். 1950இல் இயற்றிய மக்கள் பதிவுச் சட்டத்தின்படி அந்த ஆட்சி ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனத்தின் பெயரில் பதிந்தது. ஐயம் எழுந்தால் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள்; அது நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் வெள்ளையர் அல்லர். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் பிள்ளைகளும் இந்தப் பதிவுக்குத் தப்பவில்லை. எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைக்கூட அது தீர்மானித்தது. பென்சிலைச் செருகிய அந்தக் கைகளில் எந்த ஆவேசமும் இல்லை. அது அலுவலக வேலை. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் 69 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றதை உலகம் கண்டது. அவர்கள் எதை எதிர்த்துத் திரண்டார்களோ அந்த அனுமதிச் சீட்டு, அதாவது வெள்ளையர் பகுதிகளில் நடமாடக் காட்டியாக வேண்டிய சீட்டு, கறுப்பின மக்களின் சட்டைப் பையில் அன்றாடம் இருந்தது. ஆகவே ‘இனவொதுக்கல்’ என்பதே அவ்வாட்சிக்கு நேரான பெயர்.

‘இனவாதம்’ கோட்பாட்டைக் குறிக்கும் சொல். ஓர் இனம் உயர்ந்தது, நாடு அதற்கே உரியது என்று வாதிடும் அரசியலுக்கு ஈழத்தமிழர் இதை ஆள்வது மிகச் சரியானது. சிங்களத்தின் ‘ஜாதிவாதய’ என்ற சொல்லும் இதே அமைப்பில் உள்ளது.

‘பாகுபாடு’ பகு என்னும் வேரிலிருந்து பிறந்தது. நூல்களை வகைப்படுத்துவதையும் அச்சொல்லால் குறிக்கலாம். இனத்தோடு சேரும்போதுதான் அதில் அநீதி ஏறுகிறது. இனப்பாகுபாட்டை ஒழிக்க ஐக்கிய நாடுகள் அவை 1965இல் ஏற்ற உடன்படிக்கை, ஒரு செயலின் நோக்கத்தை மட்டுமன்றி அதன் விளைவையும் கணக்கில் கொள்கிறது. இது மிக முக்கியமானது. வடகிழக்கு மாநிலத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த பெண் வாடகைக்கு வீடு கேட்கிறார். வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம், அம்மா’ என்று பணிவாகவே சொல்கிறார். வாசலில் தொங்கும் ‘வீடு வாடகைக்கு’ அட்டையை அவர் கழற்றவில்லை. அவரிடம் போய் ‘நீங்கள் இனவெறியர்’ என்றால், ‘நான் யாரையும் அடித்தேனா?’ என்று கேட்பார், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். ‘நீங்கள் செய்தது இனப்பாகுபாடு’ என்றால், மறுப்பதற்காகவாவது அந்த அட்டையைப் பற்றி அவர் பேசியாக வேண்டும்.