8,000 பேரில் ஒருவரா, 500 பேரில் ஒருவரா? ஒரு தசைநோயின் கணக்கு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு வடக்கே, சாகனே–லாக் சான் ழான் என்ற வட்டாரம் இருக்கிறது. அதன் மக்கள்தொகை மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மயோடோனிக் டிஸ்ட்ரஃபி முதல் வகை என்னும் பரம்பரைத் தசைச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 8,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. அந்த விகிதம் இங்கும் பொருந்துமானால் வட்டாரம் முழுவதற்கும் சுமார் 35 நோயாளிகள்தான் இருக்க வேண்டும். ஆனால் 1980களில் அங்கே எடுக்கப்பட்ட கணக்கு, ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவர் இந்த நோயுடன் வாழ்வதைக் காட்டியது. கனடா முழுமைக்கும் ஒரே சராசரியைப் போட்டால் இந்த வட்டாரம் அதில் அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். அதனால்தான் ஒரு நாட்டுக்கு ஒரே எண்ணைச் சொல்லும் புள்ளிவிவரத்தை நான் எப்போதும் சற்றுத் தயக்கத்துடனேயே படிக்கிறேன்.

நோயின் தன்மையை அறிந்தால்தான் அதை எண்ணுவது ஏன் கடினம் என்பது விளங்கும். நமது 19ஆம் குரோமோசோமில் உள்ள டி.எம்.பி.கே. என்ற மரபணுவின் கடைப்பகுதியில், சி.டி.ஜி. என்ற மூன்று டி.என்.ஏ. எழுத்துகளின் தொடர் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோரிடம் இது 5 முதல் 34 முறை வரை வரும். 50ஐத் தாண்டினால் நோய் தோன்றக்கூடும். பிறவியிலேயே கடுமையாகப் பாதிக்கப்படும் குழந்தைகளிடம் ஆயிரத்தையும் கடந்து நீள்வது வழக்கம். 1909இலேயே மருத்துவர்கள் விவரித்திருந்த இந்த நோய்க்கு இதுதான் காரணம் என்பது 1992இல்தான் தெரிய வந்தது. நீண்டுபோன அந்தப் பகுதியிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவின் செய்தி நகல், மடிந்து சுருண்டு, மற்ற மரபணுக்களின் செய்திகளைச் செப்பனிட வேண்டிய புரதங்களைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால் தசை, இதயம், கண் வில்லை, நாளமில்லாச் சுரப்பிகள் எனத் தொடர்பற்றவை போலத் தோன்றும் உறுப்புகள் பலவும் ஒருசேரப் பழுதடைகின்றன. தசைச் செல்லின் குளோரைடு வாயில்கள் சரியாக உருவாகாமல் போவதால், இறுகிய தசை உடனே தளர்வதில்லை. கைகுலுக்கிய பின் இந்த நோயாளியால் விரல்களைச் சட்டென்று விரிக்க முடியாது. சில விநாடிகள் கழித்து அவை ஒவ்வொன்றாகப் பிரியும். பெருவிரலின் அடித்தசையில் சிறு சுத்தியலால் தட்டினால் பெருவிரல் உள்ளே மடிந்து, மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவருக்குப் பல வேளைகளில் இவ்வளவே போதும்.

இந்தத் தொடர் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது பெரும்பாலும் மேலும் நீளுகிறது. தாத்தாவுக்கு 55 வயதில் கண்புரை மட்டும் வந்திருக்கும். அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். மகளுக்கு 30 வயதில் கைப்பிடி இறுகும், இமைகள் தாழும். பேரக்குழந்தையோ மூச்சுவிடவும் பால் குடிக்கவும் திணறியபடி பிறக்கலாம். மூவரிடமும் இருப்பது ஒரே நோய்தான் என்றாலும், மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி எண்ணுபவருக்குத் தாத்தா அகப்படுவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியானதும் உறவினர் அனைவரையும் தேடிப்போய்ப் பரிசோதிக்கும் இடத்தில் எண்ணிக்கை கூடுகிறது. சாகனே வட்டாரத்தில், ஜோன்கியேரில் இயங்கும் நரம்புத்தசை நோய் மருத்துவமனையின் துணையோடு இந்தத் தேடல் தலைமுறைக் கணக்கில் நடந்திருக்கிறது. எனவே அங்கே காணப்படும் உயர்வில் ஒரு பகுதிக்குத் தேடலின் தீவிரமும் காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பதினைந்து மடங்கு வேறுபாட்டைத் தேடல் ஒன்றே உண்டாக்கிவிடாது.

மிச்சத்தை வரலாறு விளக்குகிறது. அந்த வட்டாரத்தில் ஐரோப்பிய வம்சாவளியினர் 1838 முதல் குடியேறினர். தொடக்க காலத்தில் வந்தவர்களில் பெரும்பான்மையோர் அருகிலுள்ள ஷார்ல்வுவா பகுதியினர். அவர்களும் பிரான்சிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்த சில ஆயிரம் பேரின் சந்ததியினரே. கத்தோலிக்கத் தேவாலயங்கள் திருமுழுக்கையும் திருமணத்தையும் இறப்பையும் விடாமல் பதிந்து வைத்திருந்ததால், ஆய்வாளர்களால் நோயாளிகளின் வம்சவழியைப் பின்னோக்கித் தொடர முடிந்தது. அந்தக் கோடுகள் 1657இல் குடியேறிய ஒரு தம்பதியிடம் போய்ச் சேர்ந்தன. சிறு கூட்டமாகத் தொடங்கி வேகமாகப் பெருகிய சமூகத்தில், முன்னோர் ஒருவரிடம் தற்செயலாக இருந்த மரபணுக் கோளாறு அளவுக்கு மீறிப் பரவுவதை நிறுவனர் விளைவு என்பார்கள்.

சொந்தத்துக்குள் திருமணம் செய்ததுதான் காரணமா என்று நம்மவர்கள் உடனே கேட்பார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும் நோய்களுக்கே அந்தக் கேள்வி முழுமையாகப் பொருந்தும். இங்கே ஒரு பிரதி போதும். வாழ்க்கைத்துணை எந்தக் கண்டத்தைச் சேர்ந்தவரானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சென்றுசேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்று நூற்றாண்டுகளாக இது அற்றுப்போகாமல் தொடர்ந்ததற்குக் காரணமும் அதன் இயல்பிலேயே இருக்கிறது. இலேசான வடிவம் உடையவர்கள் எவ்விதக் குறையும் உணராமல் எட்டுப் பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். கடும் வடிவம் வெளிப்பட்ட கிளைகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோக, இலேசான கிளைகள் மரபணுவை முன்னே கொண்டுசென்றன.

இதைவிட வியப்பான எண் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தது. பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்து, தாளில் உலரவைத்த இரத்தத்துளிகளில் 50,000க்கும் மேற்பட்டவற்றைப் பெயரின்றி ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 2,100 பேரில் ஒருவரிடம் 50 அல்லது அதற்கு மேற்பட்ட சி.டி.ஜி. தொடர்கள் இருந்தன. அங்கே தனித்த மூதாதைத் தம்பதியும் இல்லை, ஒதுங்கிய பள்ளத்தாக்கும் இல்லை. ஃபின்லாந்தில், 3ஆம் குரோமோசோமிலுள்ள வேறொரு மரபணுவால் வரும் இரண்டாம் வகை நோய்க்கு இதே முறையில் மரபணுவைத் தேடியபோது, அங்கும் 2,000 பேரில் ஒருவருக்கு மேல் அந்த மாற்றம் தென்பட்டது. ஆக, மருத்துவரிடம் வந்தவர்களை எண்ணினால் ஒரு விடையும் மரபணுவை எண்ணினால் வேறொரு விடையும் கிடைக்கின்றன. இரண்டும் பிழையல்ல, கேள்விகளே வேறு. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட நாளில் நோயுடன் வாழ்வோரின் விகிதம், புதிதாக நோய்ப்படுவோர் எத்தனை பேர் என்பதோடு அவர்கள் எத்தனை ஆண்டுகள் உயிர்வாழ்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. இதயத் துடிப்புக் கோளாறைக் காலத்தில் கண்டு பேஸ்மேக்கர் பொருத்தினால் ஆயுள் நீளும், விகிதமும் உயரும். நோய் பெருகிவிட்டது என்று அதைப் படிப்பது தவறு.

கணக்கில் சேராதவர்களுக்கு ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த நோயுள்ளோர் அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்துகளையும் உறக்க மருந்துகளையும் மற்றவர்களைப் போலத் தாங்குவதில்லை. தசைநோய் இருப்பது தெரியாமல் வழக்கமான அளவைக் கொடுத்தால் பின்னர் மூச்சுத்திணறல் நேரலாம். அப்படியானால் பிறக்கும் குழந்தைகள் எல்லோரையும் பரிசோதித்துவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு: சி.டி.ஜி. தொடர்கள் உடலின் செல்களுக்குள்ளேயே வயதோடு நீண்டுகொண்டு போகின்றன, இரத்தத்தில் ஓர் அளவாகவும் தசையில் வேறோர் அளவாகவும் இருக்கின்றன. ஆகவே இரத்தத்துளியில் 60 என்று காணப்படும் குழந்தைக்குப் பிற்காலத்தில் கண்புரை மட்டும் வருமா, இதயமும் பாதிக்கப்படுமா, அல்லது எதுவுமே வராமல் போகுமா என்பதை இன்றைய பரிசோதனையால் சொல்ல இயலாது.